மங்கலின் நடு

"படம் மங்கலா இருக்கு மேடம். இதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் கனகலிங்கம்.

ஜெய்த்தூன் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

கனகலிங்கத்துக்கு முகம் சுருங்கியது. கேலி செய்கிறாரோ என்று நினைத்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பாலம், அணைக்கட்டு, கோயில் கோபுரம் என்று இருபத்தெட்டு வருடம் படமெடுத்து அளந்தவர். அவர் எடுத்த படத்தில் ஒரு தலைமுடி கிடந்தால், அது நரைத்ததா கறுத்ததா என்றுகூடச் சொல்லிவிடலாம். தெளிவு அவருக்குத் தொழிலும் பெருமையும்.

ஜெய்த்தூனுக்கு முப்பத்து மூன்று. கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு நூல் மில்லின் கிடங்கில் பாதியை வாடகைக்குப் பிடித்து லென்ஸ்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. மங்கலான படத்தைக் கொண்டே ஒரு கேமராவைத் துல்லியமாக அளந்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

கனகலிங்கம் அதை நம்பி வரவில்லை. வேறு வழி இல்லாமல் வந்திருந்தார்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க சார்" என்றார் ஜெய்த்தூன்.

அவர் சொன்னார்.

ஆனைச்சாரல் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அதன் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நாற்பத்தொரு குடும்பம். வீடுகளுக்கு மேலே செங்குத்தாக ஒரு சரிவு. அதில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெடிப்பு தெரிந்தது. மண் நகர்கிறதா என்று நாள்தோறும் பார்க்க, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்க மேட்டில் இரண்டு கேமராக்களை நட்டுவைத்தார்கள். அறுநூறு மீட்டர் தூரம். அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு கனகலிங்கத்துடையது.

போன ஐப்பசி மழையில் கேமராக்கள் ஒரு கணக்குச் சொல்லின. சரிவு ஒரே வாரத்தில் பத்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.

கனகலிங்கம் அன்றே எல்லோரையும் கிளப்பினார். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில், சிமெண்டுத் தரையில், ஒன்பது நாள் படுத்துக்கிடந்தார்கள்.

மலை இறங்கவில்லை.

பத்தாம் நாள் ஆட்கள் ஏறிப் போய், வெடிப்பின் இருபுறமும் அடித்திருந்த முளைகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்தார்கள். ஒரு நூல் அளவுகூட விலகல் இல்லை.

"அந்த ஒன்பது நாள்ல ஒரு பெரியவர் காய்ச்சல் கண்டு இறந்துட்டார்" என்றார் கனகலிங்கம். "பிச்சமுத்துன்னு பேரு. ஈரத் தரை. நான் சாவுக்குப் போயிருந்தேன். யாரும் என்னை ஒண்ணும் சொல்லலை."

கனகலிங்கம் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கேமராவை நட்ட கம்பம் காத்துல ஒரு மயிரிழை திரும்பியிருக்கு. திரும்பினா பரவாயில்லை, கணக்குல கழிச்சிடலாம். ஆனா லென்ஸ் எந்த இடத்துல எவ்வளவு வளைச்சுக் காட்டுதுன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் கழிக்க முடியும். லென்ஸ் கம்பெனி குடுத்த எண்ணை அப்படியே நம்பிட்டேன்."

"இப்ப அளக்கணும்."

"ஆமா. கட்டம் போட்ட பலகையை லென்ஸுக்கு முன்னாடி வச்சுப் படம் எடுக்கணும். லென்ஸ் அறுநூறு மீட்டருக்குக் குவிச்சு இறுக்கிப் பூட்டியிருக்கு. பலகையைக் கிட்ட வச்சா, இதோ, இப்படித்தான் மங்கலா விழுது. தூரத்துல வச்சா, பலகை இருநூறு மீட்டர் அகலம் வேணும்."

"கிட்டத்துக்குக் குவிச்சுப் பார்க்கலாமே?"

"குவியத்தை மாத்தினா உள்ளே கண்ணாடி நகரும். அப்புறம் அது வேற லென்ஸ்."

ஜெய்த்தூன் முதல் தடவையாகச் சிரித்தார். "அது தெரிஞ்சிருக்கே உங்களுக்கு."

கனகலிங்கம் சும்மா இருந்துவிடவில்லை. தை மாதம் நான்கு தையல்காரர்களை வைத்து, பன்னிரண்டு மீட்டர் துணியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தைத்தார். அதை எதிர்ச்சரிவில் இடம் இடமாக மாற்றிக் கட்டிப் படம் எடுப்பது என்று திட்டம். பதினாறு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கட்டி முடித்த அரைமணி நேரத்தில் காற்று அடித்தது. துணி நடுவில் கிழிந்து, ஒரு பாதி பள்ளத்தாக்கில் போய் விழுந்தது.

"எனக்குத் தெளிவான படம் வேணும் மேடம். அதுக்கு வழி சொல்லுங்க."

"மேடம் வேண்டாம் சார். பேர் இருக்கே."

"பேர் சொல்லிக் கூப்பிட வராது எனக்கு."

"உங்க இஷ்டம்" என்று எழுந்தார் ஜெய்த்தூன்.

அலமாரியிலிருந்து ஒன்பது படங்களை எடுத்து வந்து மேசையில் பரப்பினார். வெள்ளைப் பலகையில் ஒரு கறுப்பு வட்டம். எல்லாப் படத்திலும் அதே பலகை, அதே இடம், அதே குவியம். வெளிச்சம் நுழையும் லென்ஸின் வாயை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படி கூடுதலாகத் திறந்திருந்தார். வாய் திறக்கத் திறக்க மங்கல் கூடும். முதல் படத்தில் வட்டம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. ஒன்பதாவதில் வெள்ளைச் சட்டையில் பட்டு, பாதி துவைத்த கறை மாதிரி இருந்தது.

ஒன்பது டிரேசிங் தாள்களும் ஒரு பென்சிலும் கொடுத்தார்.

"ஒவ்வொரு படத்து மேலயும் ஒரு தாளை வச்சு, வட்டத்தோட நடுவுல ஒரு புள்ளி வைங்க."

"விளிம்பு தெரியாம நடுவை எப்படி?"

"வைங்க சார்."

முதல் படத்தில் சட்டென்று வைத்துவிட்டார். அடுத்ததற்குக் கொஞ்சம் நேரமானது. ஆறாவதில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒன்பதாவது படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார்.

ஜெய்த்தூன் ஒன்பது தாள்களையும் ஓரம் சேர்த்து அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்.

எட்டுப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் தள்ளி இருந்தது.

"அது ஒன்பதாவதா?" என்றார் கனகலிங்கம்.

ஜெய்த்தூன் தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். தள்ளி இருந்தது முதல் தாள்.

"தெளிவா இருந்ததால அவசரமா வச்சிட்டீங்க" என்றார்.

கனகலிங்கம் அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை போனவர், பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிடங்கு வாசலில் நின்றார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து "வாங்க சார்" என்று குரல் வந்தது.

அவருக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. கிடங்கில் ஆனைச்சாரல் லென்ஸ் போலவே ஒன்று இருந்தது. தூரத்துக்குக் குவித்துப் பூட்டிய லென்ஸ். அதற்கு முன்னால் பக்கத்தில் பலகையை வைத்து மங்கலாகவே நூறு படம் எடுக்கச் சொன்னார் ஜெய்த்தூன்.

எடுத்தார். எடுக்க எடுக்கக் கை கூசியது. இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு படம்கூட அவர் யாரிடமும் காட்டியதில்லை.

மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தார். நூறு படங்களையும் கணினியில் போட்டு, விளிம்புகளைக் கூர்மையாக்கும் மென்பொருளில் ஓட்டினார். வட்டங்கள் பளிச்சென்று வந்துவிட்டன. மகிழ்ச்சியாக எடுத்துவந்து காட்டினார்.

ஜெய்த்தூன் ஒரு வட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்த விளிம்பு நீங்க எடுத்த படத்துல இருந்துச்சா?"

"இல்லை."

"எங்கிருந்து வந்துச்சு?"

"மென்பொருள் போட்டுச்சு."

"அதுகிட்ட யார் கேட்டது?"

"நான்தான்."

"அப்ப இது லென்ஸோட படம் இல்லை சார். உங்க ஆசையோட படம்."

ஜெய்த்தூன் நூறு படங்களையும் அழித்துவிட்டார். மூன்று நாள் உழைப்பு. கனகலிங்கம் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி முதல் படத்திலிருந்து தொடங்கினார்.

அவர் பார்க்காதபோது ஜெய்த்தூன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் வட்டங்கள் வசப்பட்டன. விளிம்பு எவ்வளவு கரைந்தாலும் அது நாலாபக்கமும் ஒரே மாதிரி கரைகிறது, நடு அசைவதில்லை என்பது கனகலிங்கத்தின் கைக்கே தெரிந்துவிட்டது. கண் சொல்வதற்கு முன் பென்சில் போய் நின்றது.

அப்போது ஜெய்த்தூன் பலகையை இன்னும் பக்கத்தில் நகர்த்தி, லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவிட்டார்.

படத்தில் வட்டமே இல்லை. கறையும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறம்.

"டீச்சர், இதுல நடுன்னு ஒண்ணு இல்லையே."

"இல்லை."

"அப்ப?"

ஜெய்த்தூன் பலகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய டிவியை வைத்தார். திரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். ஓரம் வெட்டினாற்போல் இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று மெல்லக் கரைந்து ஓடும் பட்டைகள். ஒரு படம் எடுத்தார். பட்டைகளை வலப்பக்கமாக ஒரு விரல் நகர்த்தினார். இன்னொரு படம். இப்படிப் பன்னிரண்டு.

பன்னிரண்டும் கேமராவில் சாம்பலாகத்தான் விழுந்தன.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"ஒண்ணும் தெரியாததை எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கனகலிங்கம் உட்கார்ந்தார். என்ன எழுதுவது? படத்தில் ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டார். அந்த ஒரே இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று பன்னிரண்டு படங்களிலும் எண்ணைப் பார்த்து வரிசையாக எழுதினார்.

118, 121, 123, 124, 123, 121, 118, 115, 113, 112, 113, 115.

எழுதிவிட்டுப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

அதற்கு வலப்பக்கம் தள்ளி இன்னோர் இடம். அங்கேயும் எண்கள் ஏறி இறங்கின. ஆனால் ஏறத் தொடங்கியது ஒரு படம் தாமதமாக. இன்னும் தள்ளி ஓர் இடம். அங்கே இரண்டு படம் தாமதம்.

கண்ணுக்குச் சாம்பல். ஆனால் ஒவ்வோர் இடமும் தூங்குகிறவரின் மார்பு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எப்போது ஏறுகிறது என்று கேட்டால், திரையில் தான் பார்ப்பது எந்த இடத்தை என்று ஒவ்வொரு புள்ளியும் தானாகவே சொன்னது. மங்கல் அந்த ஏற்றத்தைச் சிறிதாக்கியிருந்தது. அதன் நேரத்தைத் தொடவில்லை.

ஜெய்த்தூன் திரும்பி வந்தபோது கனகலிங்கம் நாற்பத்தேழு இடங்களுக்கு எழுதி முடித்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாப்பிடலையா சார்?"

"இதைக் கண்டுபிடிச்சது யாரு டீச்சர்?"

"யார் யாரோ. உலகத்துல பல பேர். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நான் இவ்வளவு வருஷம் இதையெல்லாம் அழிச்சிட்டு இருந்தேன்."

ஜெய்த்தூன் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை அவர் முன்னால் வைத்தார். அவருக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார்.

சித்திரையில் இருவரும் ஆனைச்சாரலுக்குப் போனார்கள்.

கேமரா இருக்கும் மேட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. பெரிய டிவி வேண்டும். தோட்டத்து மனமகிழ் மன்றத்தில் ஒன்று இருந்தது. கேட்கப் போனால் பஞ்சவர்ணத்திடம்தான் கேட்க வேண்டும். லைன் வீட்டு ஜனங்களுக்காகப் பேசுகிறவர் அவர். கொழுந்து பறிக்கும் வேலை. போன ஐப்பசியில் இறந்துபோன பிச்சமுத்து, அவருடைய மாமனார்.

"டிவி எதுக்கு சார்?" என்றார் பஞ்சவர்ணம்.

"கேமராவைச் சரிபார்க்கறதுக்கும்மா."

"போன தடவ சரியா இல்லையா?"

கனகலிங்கம் தரையைப் பார்த்தார். "அதைத்தான் பார்க்கப் போறோம்."

பஞ்சவர்ணம் இரண்டு ஆண்களைக் கூப்பிட்டார். தானும் கூடவே ஏறினார். டிவியை அவர்களிடம் நம்பி விடுவதற்கு அவர் தயாராக இல்லை.

மேட்டில் தார்ப்பாயால் இருட்டுக் கூடாரம் கட்டினார்கள். முதல் கேமராவுக்கு நான்கடி முன்னால் டிவியை வைக்கப் போனார் கனகலிங்கம். ஜெய்த்தூன் வேண்டாமென்று தலையசைத்தார். பன்னிரண்டடிக்கு நகர்த்தினார்கள். அப்போதுதான் முழுத் திரையும் படத்துக்குள் ஓரத்தோடு ஓரமாக அடங்கியது. பட்டைகள் நகர்ந்தன. டிவியைச் சாய்த்து, திருப்பி, குறுக்குப் பட்டைகளை மாற்றி, மறுபடி.

பஞ்சவர்ணம் குனிந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார்.

"ஒரே மூட்டமா இருக்கே சார். இதப் பாத்துத்தானா மலைய அளக்கப் போறீங்க?"

கனகலிங்கம் ஜெய்த்தூனைப் பார்த்தார். ஜெய்த்தூன் அட்டை கடித்த காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. இதைப் பார்த்துத்தான்" என்றார் கனகலிங்கம்.

இரண்டு கேமராக்களுக்கும் அன்று முழுப் பகலும் பிடித்தது. மறுநாள் பிற்பகல் கணக்கு வந்தது. கம்பெனி கொடுத்திருந்த எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் படத்தின் ஓரத்தில் அது வளர்ந்துகொண்டே போனது.

கனகலிங்கம் புது எண்களை வைத்து, போன ஐப்பசிப் படங்களைத் திரும்ப ஓட்டினார்.

மேட்டில் இருந்த சின்னத் தகரக் குடிசையில் அவரும் ஜெய்த்தூனும் மட்டும் இருந்தார்கள். வெகுநேரம் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மில்லிமீட்டர்" என்றார். "அதாவது ஒண்ணும் இல்லை. மலை நகரவே இல்லை."

ஜெய்த்தூன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதை நான் அவங்ககிட்டச் சொல்லணுமா?"

"அந்தப் பத்து சென்டிமீட்டர் இப்ப எங்க இருக்கு சார்?"

அவருக்குப் புரியவில்லை.

"மலைகிட்ட இல்லைன்னு சொல்றீங்க. எங்கேயாவது இருக்கணுமில்ல?"

ஒயரைச் சுருட்டி முடித்துப் பைக்குள் வைத்தார்.

கனகலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். பள்ளத்தைக் கடந்து லைன் வீடுகளுக்குப் போக ஒரு மணி நேரம் ஆனது. பஞ்சவர்ணம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, போன ஐப்பசியில மலை நகரலை."

"தெரியும் சார். திரும்பி வந்தப்ப வீடு வச்ச எடத்துலதான இருந்துச்சு."

"நான் சொன்ன பத்து சென்டிமீட்டர் மலையோடது இல்லை. நான் என் கேமராவைச் சரியா அளக்காம விட்டது. என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பஞ்சவர்ணம் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"ஒம்போது நாளும் எங்க மாமா வீட்டுக்குப் போகலாம் வீட்டுக்குப் போகலாம்னு கேட்டுட்டே கெடந்தாரு. நாந்தான், ‘சார் சொல்லிருக்காரு, இருங்க மாமா’ன்னு அதட்டுனேன்."

பஞ்சவர்ணம் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினார்.

"இதச் சொல்லச் சொல்லி உங்கள யாராச்சும் அனுப்புனாங்களா?"

"இல்லைம்மா."

பஞ்சவர்ணம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கனகலிங்கம் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆடி மாதம் மழை பிடித்தது. ஆறு நாளாகியும் விடவில்லை.

கனகலிங்கம் அந்த ஆறு நாளும் மேட்டுக் குடிசையிலேயே கிடந்தார். மூடுபனி விலகும் நேரத்தில் மட்டும் படம் கிடைக்கும். நான்காம் நாள் இரண்டு சென்டிமீட்டர் காட்டியது. ஐந்தாம் நாள் ஐந்து. ஆறாம் நாள் காலையில் பத்து.

பத்து.

அவர் ஓடவில்லை. இறுக்கிய திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். கம்பம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிட்டுக் கழித்தார். இரண்டு கேமராக்களையும் தனித்தனியாக ஓட்டினார். ஒன்று ஒன்பதே முக்கால் என்றது. இன்னொன்று பத்தேகால்.

பிறகுதான் இறங்கினார்.

லைன் வீட்டு ஜனங்கள் பிரட்டுக் களத்தில் கூடியிருந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம் அது. எல்லோரும் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்திருந்தார்கள். தோட்டத்து அதிகாரியும் குடையோடு நின்றிருந்தார்.

"மலை நகருது. எல்லாரும் கிளம்பணும்" என்றார் கனகலிங்கம்.

"எவ்வளவு சார்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"பத்து சென்டிமீட்டர்."

யாரோ சிரித்தார்கள். "போன தடவயும் பத்துதான சார்?"

"ஆமா. போன தடவையும் பத்துதான் சொன்னேன்."

கூட்டம் அசையவில்லை. மழை தகரத்தில் கொட்டியது. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சவர்ணம் முன்னால் வந்தார்.

"இதுல எவ்வளவு தப்பு வரும் சார்?"

இருபத்தெட்டு வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஒரு சென்டிமீட்டர் வரலாம். இந்த மழையில ஒண்ணரை. பத்துங்கறது எட்டரையா இருக்கலாம், பதினொண்ணரையா இருக்கலாம். இதோட நின்னுடவும் நிக்கலாம். நிக்குமா நிக்காதான்னு கேமராவுக்குத் தெரியாது. நகர்ந்தது மட்டும் நெசம்."

"போன தடவ நான் இதக் கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

கனகலிங்கத்தின் மூக்குக்கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"தப்பே வராதுன்னு சொல்லியிருப்பேன்."

பஞ்சவர்ணம் நிமிர்ந்து சரிவைப் பார்த்தார். அங்கே வெறும் மூடுபனி. திரும்பினார்.

"கைக்கொழந்த இருக்கற வீடு மொதல்ல" என்றார். "மாட்ட அவுத்து விட்டுருங்க. இந்தத் தடவ பாயும் கம்பளியும் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. வெறுந்தரையில ஒருத்தரும் படுக்கக் கூடாது."

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு வீடும் காலியானது. கனகலிங்கம் கடைசி வரிசையில் ஒரு கிழவியின் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தார்.

மறுநாள் முற்பகல் பதினொரு மணி வாக்கில் மலை இறங்கியது.

பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தார்கள். முதலில் மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. மூன்று வரிசை லைன் வீடுகளில் இரண்டு வரிசை போய்விட்டது. பஞ்சவர்ணம் தலைகளை எண்ணினார். ஒருதடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார். ஒருவரும் குறையவில்லை.

எண்ணி முடித்துவிட்டு கனகலிங்கத்திடம் வந்தார். ஒரு கம்பளியை அவர் தோளில் போட்டார். "நனஞ்சிட்டு நிக்கிறீங்களே சார்" என்றார்.

சாயங்காலம் மழை விட்டபோது, கனகலிங்கம் பள்ளிக்கூடத்து வராந்தாவின் ஓரத்துக்குப் போய் ஜெய்த்தூனைப் போனில் கூப்பிட்டார்.

"இறங்கிடுச்சு டீச்சர்."

"ஆளுங்க?"

"எல்லாரும் வெளிய. நூத்தி அறுபத்தெட்டுப் பேர். எல்லாரும்."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"சார்."

"சொல்லுங்க டீச்சர்."

"கேமரா நகரலைன்னு சொன்ன எடம் எதாவது போயிருக்கா?"

கனகலிங்கம் திரும்பிச் சரிவைப் பார்த்தார். வீடுகளுக்கு இடப்பக்கம், சற்று உயரத்தில், பம்பு ஷெட் இருந்த இடத்தில் செம்மண் தெரிந்தது. அந்த மூலை ஆறு நாளும் ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை என்றுதான் கணக்கு வந்திருந்தது.

"ஒண்ணு போயிருக்கு. பம்பு ஷெட்."

"ஏன்?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலை டீச்சர்."

"எனக்கும் தெரியலை" என்றார் ஜெய்த்தூன். "படங்களை எடுத்துட்டு வாங்க."